சாயாத டயர்

மார்ச் 4, திங்கள்

நூலகத்தின் பட்டியல் பிரிவில் இன்று நாற்பத்தொரு புத்தகங்கள். ஒன்றுக்கு முன்னட்டை இல்லை, ஒன்றுக்குக் கடைசிப் பக்கங்கள் இல்லை. இரண்டையும் 'சேதம்' என்று ஒரே சொல்லில் குறித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தின் நடுவில் ஒரு புது கார் டயர். எங்களிடம் கார் கிடையாது.

"பைக்குக்கு. பின்சக்கரத்துக்கு" என்றான் என் கணவன்.

செருப்பைக் கழற்றிவிட்டு டயரைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் விட்டுப்போய் ஆறு மாதம் ஆகிறது.

மார்ச் 5, செவ்வாய்

அவனாகவே சொன்னான். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இரண்டு மாதம் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டானாம். பைக்கில் வெளியே போகப் போகிறானாம். எங்கே என்று முடிவு செய்யவில்லை.

"பைக் டயர் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்ல தேஞ்சிடும். இது நாப்பதாயிரம் ஓடும். மழைல பிரேக் புடிச்சா அப்படியே நிக்கும்."

'மழைல' என்றதும் இரண்டு பேரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம். அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

என்னையும் கூட்டிப்போவானா? அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு ஒன்று தெரியும். தனியாகப் போனால் அவன் திரும்பி வருவது பெயருக்குத்தான் இருக்கும். இரண்டு பேரும் போனால், எங்காவது ஒரு சாலையோரத்தில், முகம் பார்க்காமல் பேச வசதியான ஓர் இடத்தில், பேசிவிடலாம். பேச வேண்டியது என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 7, வியாழன்

ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசுகிறான். எல்லாம் டயர்.

மார்ச் 9, சனி

டயர்க் கடைக்குக் கூடப் போனேன். அவன் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஏறிக்கொண்டேன். ஆட்டோவில் எங்கள் நடுவே அந்த டயர், மூன்றாவது ஆள் மாதிரி.

கடைக்காரர் டயரைப் பார்த்தார், வண்டியின் படத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டுதான் இருக்கேன்" என்றேன். பொய்.

"தம்பி, பைக் டயர் முட்டை மாதிரி உருண்டையா இருக்கும். அதனாலதான் வளைவுல வண்டி சாயுது. இது செங்கல். செங்கல்லை உருட்டி வளைவுல திருப்புவியா?"

"நெறைய பேரு போட்டு ஓட்டறாங்க அண்ணே."

"நெறைய பேரு மாடிலேருந்தும் குதிக்கறாங்க. என் கடைல போட மாட்டேன். உன் ரிம்மும் வேற, இதோட ஓரமும் வேற. காத்து அடிக்கறப்ப வெடிச்சா என் பையன்தான் பக்கத்துல நிப்பான்."

அவன் கோபப்படவில்லை. டயரைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். அவ்வளவு பிடிவாதத்தை அவனிடம் நான் இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில்.

மார்ச் 10, ஞாயிறு

இதுவரை எழுதாததை எழுதிப் பார்க்கிறேன்.

செப்டம்பரில், மழையில், மலைச்சாலை இறக்கத்தில் விழுந்தோம். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு. எனக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. நான்காவது மாதம் தொடங்கியிருந்தது. அதற்கு மேல் தொடரவில்லை.

பின்டயர் தேய்ந்திருந்தது. "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்று மாற்றாமல் தள்ளிப்போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், நர்சிடம், அக்காவிடம், பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னான். "டயர் போயிருந்துச்சு. தெரிஞ்சும் ஓட்டினேன். என் தப்பு." யாராவது ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தால் இன்னும் உரக்கச் சொன்னான். அந்தத் தப்பை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று வளைவில் நான் —

இன்று வேண்டாம்.

மார்ச் 13, புதன்

நாவல்களில் ஒரு விபத்துக்கு ஓர் அத்தியாயம் கொடுப்பார்கள். வானம், மரங்கள், ஒரு பறவை. எங்களுடையதில் எதுவும் இல்லை. ஒரு வளைவு, அவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன். பின்னால் உட்காருபவளுக்கு வேலை ஒன்றே ஒன்று. அவன் சாய்ந்தால் கூடவே சாய வேண்டும். கல்யாணமான புதிதில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தான். "என் தோளுக்கு மேல பாரு. நான் எந்தப் பக்கமோ நீயும் அந்தப் பக்கம். மூட்டை மாதிரி இரு, ஆனா என்னை நம்பற மூட்டையா இரு." சிரித்தோம். நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள்கூடப் பயந்ததில்லை.

அன்று எதிரே லாரி வந்தது. அதன் பாதையில்தான் வந்தது, எங்களை ஒன்றும் செய்யவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. நான் நிமிர்ந்துவிட்டேன். நிமிர்ந்து வலப்பக்கம் உடம்பைத் தள்ளினேன். அடுத்த கணம் பின்சக்கரம் காலடியிலிருந்து போய்விட்டது.

டயர் தேய்ந்திருந்தது, அது உண்மை. அதே டயரில், அதே வளைவை, அதற்கு முந்தின வாரம் இதைவிடப் பெரிய மழையில் கடந்தோம் என்பதும் உண்மை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் வலி என்று சொல்லவில்லை. பிறகு அவன் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டான் என்று சொல்லவில்லை. பிறகு இவ்வளவு நாள் சொல்லவில்லையே என்று சொல்லவில்லை.

மார்ச் 16, சனி

ஊரின் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை. மெக்கானிக்கை எல்லோரும் 'சோடா' என்கிறார்கள், மூக்குக் கண்ணாடி அப்படி. தொட்டுப் பார்த்துத்தான் ஸ்பேனரை எடுக்கிறார், ஆனால் எடுத்தது சரியான அளவாக இருக்கிறது.

சக்கரத்தைக் கழற்றி, பழைய டயரை உரித்து ஓரமாகப் போட்டார். நடுவில் மழுங்கிப்போய், பக்கங்களில் மட்டும் பள்ளங்கள் மிச்சமிருந்தன. அவன் அதைக் காலால் தள்ளிச் சுவரோரம் ஒதுக்கினான்.

ரிம்மின் ஓரமெங்கும் சோப்புத் தண்ணீர் பூசி, கார் டயரை ஏற்றி, சக்கரத்தைச் சுவருக்குப் பின்னால் வைத்தார். காற்றுக் குழாய் மட்டும் சுவரைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தது.

"நாப்பது பவுண்டு. ஏறல. அம்பது. ஏறல. காதைப் பொத்திக்கோ தங்கச்சி."

அறுபது தாண்டியதும் வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. டயரின் இரண்டு ஓரமும் ரிம்மில் ஏறி உட்கார்ந்துவிட்டதாம்.

"கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே பிரிக்கணும்னா ரெண்டு பேரு வேணும்" என்றார் சோடா.

யாரும் சிரிக்காததால் அவரே சிரித்துக்கொண்டார். காற்றை முப்பதுக்கு இறக்கினார். சக்கரத்தை மாட்டிய பிறகு டயருக்கும் பக்கத்து இரும்புக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். சுண்டுவிரல்தான் நுழைந்தது. பின்னாலிருந்து பார்த்தால் வண்டிக்கு யாருடைய செருப்பையோ மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்களும் இதுலதான் போறீங்களா தங்கச்சி?"

அவன் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் தெரியாதுண்ணே" என்றேன்.

மார்ச் 17, ஞாயிறு

"வர்றியா? ஓட்டிப் பாக்கணும்" என்றான் காலையில். செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவை. ஹெல்மெட்டின் பட்டையை மாட்ட மூன்று முறை முயன்றேன்.

நேர்ச்சாலையில் வண்டி ரயில் மாதிரி போயிற்று. சாலையில் நீளவாக்கில் விரிசல் வந்தால் அதன் பின்னாலேயே போகப் பார்த்தது. ஏரிக்கரை வளைவு வந்தது. நான் அவன் தோளுக்கு மேல் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனோடு சாய்ந்தேன், முழு உடம்பாலும், இந்த ஒரு தடவையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று. வண்டி சாயவில்லை. அவன் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி, மாட்டைத் திருப்புவது போலத் திருப்பினான். நான் சாய்ந்ததும் ஒன்றுதான், சாயாததும் ஒன்றுதான்.

கரையில் நிறுத்தி டயரைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லையாம்.

"நான் சரியா உக்காந்தேனா?" என்று கேட்டேன்.

"இனிமே நீ எப்படி உக்காந்தாலும் ஒண்ணுதான்."

குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் பொருளின் குணத்தைச் சொல்வது போலச் சொன்னான். வீடு வரும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 18, திங்கள்

அவனுக்குத் தெரியும்.

மார்ச் 21, வியாழன்

தெரியாமலும் இருக்கலாம். டயரைப் பற்றித்தான் சொன்னான். கார் டயர் சாயாது, அதைத்தான் சொன்னான். நான்தான் வரிகளுக்கு நடுவே படிக்கிறேன், படித்துப் படித்தே கெட்டேன் என்று அக்கா சொல்வது போல.

மார்ச் 23, சனி

சொல்லிவிட்டேன்.

பால்கனியில் பெட்டிக்குள் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு துண்டை மடித்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னைக்கு வளைவுல நான் நிமிர்ந்துட்டேன்."

"தெரியும்."

துண்டை மறுபடி விரித்து மறுபடி மடித்தேன். "எப்போலேருந்து?"

"அப்பவே. முதுகுல ஒட்டிக்கிட்டிருந்தே, திடீர்னு இல்ல. தெரியாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் டயர்னு சொன்னே?"

"பின்ன? நீ அங்க படுத்துட்டிருக்கே. எங்க அம்மா, உங்க அக்கா, எல்லாரும் நிக்கறாங்க. உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?" ஒரு ஸ்பேனரை எடுத்து வேறிடத்தில் வைத்தான். "டயரும்தான் தேஞ்சிருந்துச்சு. பொய் இல்லியே."

"என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். பயமா இருந்துச்சுடா, நிமிர்ந்துட்டேன்னு ஒரு வார்த்தை. ஒரு வாரத்துல சொல்லுவேன்னு நெனச்சேன். ஒரு மாசத்துல. உன் பக்கத்துலயே படுத்துக்கிட்டு ஆறு மாசம் காத்திருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"எப்போ விட்டே?"

யோசித்துச் சொல்லவில்லை. தயாராக இருந்தது பதில்.

"டயர் வாங்கின அன்னைக்கு."

மார்ச் 24, ஞாயிறு

பத்தொன்பது நாள் தாமதம். நூலகத்தில் என்றால் அபராதத்தோடு வாங்கிக்கொள்வோம்.

அவன் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டது என்னைக் காப்பாற்ற. நான் அதை அவன் தனக்கே கொடுத்துக்கொள்ளும் தண்டனை என்று நினைத்து விலகி நின்றேன். நான் வாயைத் திறக்காததை அவன் என்னவென்று நினைத்தான்? கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.

மார்ச் 27, புதன்

அக்கா போன். "அவன் ஊர் சுத்தப் போறான், நீ பேசாம பாத்துட்டிருக்கியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்கா."

"சொன்னதுக்கு என்ன சொன்னான்?"

"தெரியும்னான்."

"இங்க வந்துடு. குழந்தைங்க ரூமை ஒழிச்சுத் தர்றேன்." குழந்தைகள் ரூம் என்று சொன்னதற்கு உடனே வருந்தி, சம்பந்தமில்லாமல் மிக்ஸி ரிப்பேரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நானும் எந்த பிளேடு, எப்போது வாங்கியது என்றெல்லாம் அக்கறையாகக் கேட்டேன்.

மார்ச் 30, சனி

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். கடைசியில் கேட்டேவிட்டேன். அவன் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

"வேணாம்."

"இந்த டயர்ல நான் ஒண்ணும் கெடுக்க முடியாதே."

"அதனாலதான் வேணாம்" என்றான். கண் கலங்கியிருந்தது. "நீ பின்னாடி இருக்கறதே தெரியல அன்னைக்கு. ஏரிக்கரைல. பொட்டி வெச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு."

எனக்காகத்தான் அந்த டயரா, என்னிடமிருந்து தப்பிக்கவா என்று இரண்டு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். அவனுக்கே தெரியாது போல.

ஏப்ரல் 1, திங்கள்

ஆறரைக்குக் கிளம்பினான். பின்சீட்டின் இரண்டு கால்மிதிகளையும் கழற்றியிருந்தான். பெட்டிச் சட்டம் மாட்ட அந்த ஓட்டைகள் தேவைப்பட்டனவாம். திருகாணிகளோடு செய்தித்தாளில் சுற்றி என் புத்தக அலமாரியில் வைத்திருக்கிறான், தொலைந்துவிடாமல் இருக்க. கறுப்பு ரப்பர், என் செருப்பின் தேய்மானம் இன்னும் அதில் தெரிகிறது.

"ஜாக்கிரதையா போ" என்றேன்.

"ம்."

தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன். வண்டி நிமிர்ந்தபடியே திரும்பிற்று.

ஏப்ரல் 8, திங்கள்

மூன்று நாளாக ஒரே புத்தகத்தின் ஒரே பக்கம்.

ஏப்ரல் 19, வெள்ளி

மதியம் நூலகத்துக்கே போன் செய்தான். பின்னால் லாரிகள் போகிற சத்தம்.

"மழையா?"

"ரெண்டு நாளா. வழுக்கவே இல்ல. கை மட்டும் போயிடுச்சு. ஒவ்வொரு வளைவுலயும் தள்ளிட்டே இருக்கணும்."

"பழைய மாதிரி டயரே போட்டுக்கயேன்."

"இதுதான் நாப்பதாயிரம் ஓடுமே."

"எவ்ளோ ஓடியிருக்கு?"

"ஆறாயிரம்."

இரண்டு பேரும் அந்தக் கணக்கைப் போட்டிருப்போம். யாரும் மிச்சத்தைச் சொல்லவில்லை. ஆபீசுக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டதாகச் சொன்னான். "சாப்பிட்டியா" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றேன். மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்டிருந்த புத்தகத்துக்கு எண் போட்டேன்.

மே 12, ஞாயிறு

போன் இல்லை. நானும் செய்யவில்லை.

ஜூன் 3, திங்கள்

அவன் சொன்ன இரண்டு மாதம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. கீழ்வீட்டு அக்கா, வீட்டுக்காரர் மனைவி, இன்று காலை பேருந்துக்கு ஓடும்போது கேட்டில் பிடித்துக்கொண்டார்.

"லீவு முடிஞ்சிருக்குமே, அவரு எப்பம்மா வர்றாரு? வண்டி நிறுத்தற எடத்துல எங்க மாப்பிள்ளை காரை விட்டுக்கலாமான்னு..."

"விட்டுக்கங்கக்கா. அவர் வர மாட்டார்."

அவர் முகம் மாறியது. என்னென்னவோ சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டார். பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்தில் நின்றுகொண்டே வந்தபோதுதான் கவனித்தேன். கேட்டவுடனே சொல்லியிருக்கிறேன்.