ஐம்பதாவது இடம்

மார்ச் 3, திங்கள்

ஆண்டு அட்டவணை மறுபடி என் மேசைக்கு வந்துவிட்டது. ஐம்பது நகரங்கள், லட்சம் பேருக்கு எத்தனை கொலை, அதிகம் உள்ள ஊருக்கு முதல் இடம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கம்பெனிகளிடம் எங்கள் காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு வாங்கலாம் என்பதை இந்த ஒரு தாள்தான் தீர்மானிக்கிறது. வருடக்கணக்காக இதைத் தயாரிப்பவன் நான். கீழே கையெழுத்துப் போடுபவன், வகுத்தல் கணக்கைக்கூட என்னிடம் கற்றுக்கொண்டு இன்று பிரிவுத் தலைவராக உட்கார்ந்திருக்கும் பையன்.

"மாசக் கடைசிக்குள்ள முடிச்சிருங்க சார்" என்றான். சார் போடுவதில் மட்டும் குறை வைப்பதில்லை.

ஒரு நகரம் இந்த முறை ஒன்பது இடம் இறங்கிப் பாதுகாப்பானதாகிவிட்டது. அங்கே சாவு குறையவில்லை. புறநகரையும் சேர்த்து மக்கள்தொகையைக் காட்டியிருக்கிறார்கள். பிணம் அதே பிணம், வகுக்கும் எண்தான் பெரிது. பழைய இடத்திலேயே திருப்பி உட்காரவைத்தேன். இதற்கெல்லாம் யாரும் கைதட்டப்போவதில்லை.

மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. லீவு என்கிறாள். எந்த அலுவலகம் இவ்வளவு நீளமான லீவு கொடுக்கிறது?

மார்ச் 6

நாற்காலிச் சத்தம். படுக்கப் போகும்போது அறைக்குள் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறாள். தரையெல்லாம் கீறல். இன்று காலை கேட்டேவிட்டேன்.

"நம்ம ஊரு முப்பத்தொண்ணாவது இடம். அதுலயும் இந்தத் தெருவுல திருட்டுகூடக் கிடையாது. யாரு வரப்போறான்னு முட்டுக்கொடுக்கறே?"

"பழக்கமாயிடுச்சுப்பா."

ஐம்பதாவது இடத்தில் இருக்கும் நகரத்தில், பட்டியலிலேயே ஆபத்துக் குறைந்த நகரத்தில், ஐந்து வருடம் குடித்தனம் செய்தவளுக்கு இது என்ன பழக்கம்? மனைவி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

மாப்பிள்ளை போன் செய்தார். "எப்ப அனுப்பறீங்க மாமா? வீடு வீடாவே இல்ல." தன்மையான மனிதர். சொந்தபந்தத்தில் என் அட்டவணையை முழுதாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். நிச்சயத்துக்கு முன் அவருடைய ஊர் கடைசி இடத்தில் இருப்பதைக் காட்டியபோது சிரித்தார். "அப்ப உங்க பொண்ணுக்கு நானே தேவையில்ல மாமா, ஊரே பாத்துக்கும்."

மச்சான் நிச்சயத்தன்று என்னைத் தனியே இழுத்து, "பையன் சிரிப்பு எனக்குச் சரியாப் படலை" என்றார். என் வீட்டு விசேஷத்தில் வந்து சிரிப்புக்கு மார்க் போட்ட மனிதர். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை.

மார்ச் 12

அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். மருத்துவமனை ஆய்வகத்தில். எங்கே? மூன்றாவது இடத்தில் இருக்கும் நகரத்தில்! மேலிருந்து மூன்று!

சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து எழுதிக் காட்டினேன். நீ இருந்த ஊரில் லட்சத்துக்கு ஒன்றுகூட இல்லை. நீ போகிற ஊரில் அறுபது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"படிச்சவதானே நீ? தெரிஞ்சே போய்க் கொலைக்களத்துல நிக்கணுமா? மாப்பிள்ளை அவரு ஊர்ல ஒத்தையா உட்காந்திருக்காரு. மரியாதையாக் கிளம்பிப் போ."

எழுந்து போய்விட்டாள். நாற்காலிச் சத்தம், பட்டப்பகலில்.

மார்ச் 13

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நல்லது.

மார்ச் 15, சனி

மத்தியானம் அவளாகவே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் அட்டவணை.

"இதுல பொம்பளைங்க எத்தனை பேருப்பா?"

"அது மூல அறிக்கையில தனியா இருக்கும். நாங்க அச்சுல போடறதில்ல."

"யாரு கொன்னாங்க, எங்க வச்சுக் கொன்னாங்க?"

"சில ஊர்ல அதுவும் இருக்கும்."

"பாருங்கப்பா. உங்க வேலைதானே."

என் வேலையை எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் கேள்வி சரியான கேள்வி. அலுவலகத்தில் இத்தனை வருடத்தில் ஒருவன் கேட்டதில்லை. நான்?

மார்ச் 17, திங்கள்

பார்த்தேன்.

மூன்றாம் நகரத்தில் செத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள், இளவயது, கும்பல் சண்டை, துறைமுகத்தை ஒட்டிய நாலைந்து வட்டாரம். அவள் வேலைக்குப் போகிற பகுதியில் விகிதம் எங்கள் ஊரை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்வது பொய்.

ஐம்பதாம் நகரத்தில் வருடத்துக்குக் கைவிரலில் எண்ணுகிற அளவுதான் கொலை. அதில் பாதிக்கு மேல் பெண்கள். இடம்: சொந்த வீடு. செய்தவர்: கணவன், அல்லது கணவனாக இருந்தவன்.

லட்சம் பேருக்கும் சேர்த்துப் பங்கிட்டுவிடுகிறோம். யாருமே அந்தச் சராசரிக்குள் குடியிருப்பதில்லை, ஒரு வீட்டுக்குள்தான் குடியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அந்த அறிக்கையில் இருந்தவர்கள் எல்லாம் வேறு யாருடையவோ மகள்கள்.

பிரிவுத் தலைவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "இதெல்லாம் நமக்கு வேணாமே சார்."

"எனக்கு வேணும்" என்றேன்.

மார்ச் 18

காலையில் அவளிடம் பார்த்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, அப்போதும் விடாமல், "இருந்தாலும் அங்க எண்ணிக்கை ரொம்பக் கம்மி, அதையும் பாக்கணும்" என்றேன். வாய் சும்மா இருக்கிறதா.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள்.

"நாலு மாசம் முன்னாடி அவரு என் கழுத்தைப் பிடிச்சாருப்பா. கண்ணு இருட்டிடுச்சு. அப்புறம் விட்டுட்டாரு. விட்டதால அது உங்க கணக்குல வரலை."

மடித்த துண்டை அடுக்கின் மேல் வைத்தாள்.

அவ்வளவுதான். என்னத்தைக் கேட்பது? எந்தக் கையால பிடிச்சான்னா?

சமையலறைக்குப் போய் மனைவியிடம், "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"வந்த அன்னிக்கே தெரியும்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அதுக்கும் எத்தனையாவது இடம்னு கணக்குப் போடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

முப்பது வருடத்தில் இவள் என்னைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபப்பட முயன்றேன். வரவில்லை. ஐயோ, அவகிட்டயே தாளை விரிச்சு எழுதிக் காட்டினேனே.

மார்ச் 19

சாயங்காலம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"மாமா, ஏதோ வேலைக்குப் போறாளாமே. அந்த ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் புத்தி சொல்லணும்."

"சொல்லிட்டேன். போகச் சொல்லிட்டேன்."

"என்ன மாமா, விளையாடறீங்களா?"

"உன் ஊரு விகிதம் எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். உன் வீட்டு விகிதம் நேத்துதான் தெரிஞ்சுது. இனிமே இங்க கூப்பிடாதே. அவளைத் தேடிக்கிட்டு எங்கயாவது வந்தே, நானே போலீஸ்ல போய் உட்காருவேன்."

அவன் சிரித்தான். மச்சான் சொன்ன சிரிப்பு.

ஐந்து வருடமாக அவனை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டேன். இன்று முதல் தடவையாக நீ வந்தது.

மார்ச் 28, வெள்ளி

அட்டவணையைக் கொடுத்தேன். ஓரத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தேன்: கொல்லப்பட்ட பெண்களில், சொந்த வீட்டில் கொல்லப்பட்டவர்கள் எத்தனை சதவீதம். கிடைத்த நகரங்களுக்கு மட்டும்.

"வாடிக்கையாளருக்கு இது எதுக்கு சார்?" என்று பிரிவுத் தலைவன் பத்தியை அடித்தான். மற்றபடி நல்ல வேலை என்றான். அவன் மேல் எனக்கு இருக்கும் வருத்தங்களில் இது ஒன்றுதான் உருப்படியான வருத்தம்.

ஏப்ரல் 5

மச்சானுக்குப் போன் செய்தேன். சிரிப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மகளுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்க வந்தார். நான் கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். எப்போதும் அப்படித்தான், அடுத்தவன் வேலை ஆகவே ஆகாது.

ஏப்ரல் 22

மூன்றாம் நகரம். ஒரு வாரம் அவளோடு தங்குவதற்கு வந்திருக்கிறேன். மாடியில் இரண்டு அறை. வாசல் கதவுக்குக் கம்பிக் கதவு ஒன்று, பூட்டு மூன்று. வீட்டுக்காரம்மா ஒவ்வொன்றையும் திறந்து மூடிக் காட்டினாள். நான் மறுபடி திறந்து மூடிப் பார்த்தேன். முன்னறையில் படுத்தேன். தூரத்தில் இரண்டு தடவை போலீஸ் வண்டிச் சத்தம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, எழுதிவைக்கிறேன்.

காலையில் டீ போட எழுந்தேன். அவள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலி ஜன்னலோரம் கிடந்தது, மேலே அவளுடைய வேலைக்கான வெள்ளைக் கோட்டு. கைகாலை நாலு பக்கமும் பரப்பிக்கொண்டு, சின்ன வயதில் தூங்குவாளே அதுபோல, தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாத்திரம் சத்தம் போடாமல் எடுத்தேன்.