கண்ணாடிக் கொட்டிலில் நூர்க்காத விளக்கு

அண்ணை,

மகாராணி காலமான வருஷம் அது. ஊரில் சனம் திரண்டு போய் ஜனாதிபதியைக் கலைத்ததும், இங்கே ஒரு பிரதமர் கதிரையில் சூடு பிடிக்க முதலே எழும்பிப் போனதும், கரண்ட் பில்லைக் கண்டு லண்டன் முழுக்கக் கையைப் பிசைந்ததும் அதே வருஷம்தான். எழுத வாசிக்கத் தெரியாத எனக்கு வருஷங்கள் இப்படித்தான் மனதில் நிற்கும். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள்.

நேற்று மிட்சம் பக்கம் ட்ராம் ஸ்டொப்பில் நின்றேன். மழைக்கு ஒதுங்கின நாலைந்து பொடியள் கஞ்சாச் சுருட்டு ஒன்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பச்சை மணம் என் கோட்டெல்லாம் ஏறிவிட்டது. பொலிஸ் கார் ஒன்று சிக்னலில் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் தன் பாட்டில் போனது. எனக்குக் கோபம் உச்சியில் ஏறிற்று. பொடியளில் எனக்கு என்ன கோபம்? கோபம் உங்களில்தான் அண்ணை. ஊரெல்லாம் காற்றில் விடுகிற சாமானில் ஒரு கைப்பிடி பூ உங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கிற மாதிரி வந்தபோது நீங்கள் விடவில்லை.

உங்கள் மனுசி பூரணமக்காவின் நரம்பு வருத்தம் அந்த வருஷம்தான் முற்றியது. கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு இழுக்கும். அவ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பா. நீங்கள் முழங்காலில் இருந்து அந்தக் காலை நீட்டிப் பிடிப்பீர்கள். டொக்டர் கொடுத்த குளிசைகள் அவவை நித்திரையாக்கின, இழுப்பை நிறுத்தவில்லை. கஞ்சாவில் செய்கிற மருந்து ஒன்று இருக்கிறது, சட்டமும் விடுகிறது என்றார் டொக்டர். எழுதித் தாருங்கோ என்றோம். தான் எழுத ஏலாது, பெரிய டொக்டர் எழுத வேண்டும் என்றார். பெரிய டொக்டர், இவவுக்குச் சரிவராது என்றார். தனியாரிடம் போகலாம் என்று இன்னொருவர் சொன்னார், ஏதோ அடுத்த கடைக்குப் போகச் சொல்வது போல. கதவு திறந்துதான் இருந்தது, போகத்தான் வழியில்லை.

அப்போதுதான் அடுத்த வீட்டு ஜோன் கிழவி வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். அவளின் புருஷன் புற்றுநோயில் கிடந்தபோது இந்தச் செடியைத்தான் கண்ணாடிக் கொட்டிலில் வளர்த்துக் கொடுத்தாளாம். இரண்டு கன்று, ஒரு ஊதா விளக்கு, ஒரு எண்ணெய் ஹீற்றர், எல்லாவற்றையும் வேலிக்கு மேலாலேயே இறக்கினாள். “பொலிஸ் வந்தா தக்காளி எண்டு சொல்லு, டார்லிங்” என்று அவள் சொன்னதை நான் உங்களுக்குத் தமிழாக்கினேன். டார்லிங்கை விட்டுவிட்டுத்தான். உங்களுக்கு அதுவும் விளங்கிவிட்டது, காது சிவந்துபோனீர்கள்.

வேகத்தடைக்குக்கூட நின்று கும்பிட்டுப் போகிற மனுசன் நீங்கள். ஆனாலும் உங்கள் பின்வளவுக் கண்ணாடிக் கொட்டிலைக் கழுவித் துடைத்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு அந்தக் கன்றுகளை உள்ளே வைத்தீர்கள். முன்னுக்கு ஒரு கறிவேப்பிலைச் சாடி, கேட்பவர்களுக்குக் காட்ட. அதுவே வினையாயிற்று. கோயில் மனுசி ஒருத்தி கிழமைக்குக் கிழமை வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா?

“அண்ணை, கறிவேப்பிலை வளக்கிறியளாம். ரெண்டு நெட்டுத் தாங்கோவன்.”

“இன்னும் சின்னன், பிள்ளை.”

“இரவு பகலா லைற் எரியுது, ஹீற்றர் எரியுது. இன்னும் சின்னனோ? அதுக்கென்ன, கொலிஜ்ஜுக்கோ விடுறியள்?”

அவளை வாசலோடு அனுப்புவதற்காகக் கடையில் கறிவேப்பிலை வாங்கி, பக்கெற்றைப் பிரித்து, அப்போதுதான் முறித்தது போலக் கொடுத்தீர்கள். “நல்ல வாசம் அண்ணை, கடைச் சாமான் இப்பிடி வராது” என்றாள் அவள். பூரணமக்கா கட்டிலில் கிடந்து சிரித்த சிரிப்பு எனக்குக் குசினி அடுப்படி வரைக்கும் கேட்டது. அந்த மாரிக் குளிரில் அவ சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

அக்காவின் அறைக்கும் கொட்டிலுக்கும் மட்டும் சூடு. வீட்டில் மற்ற இடமெல்லாம் ஐஸ் பெட்டி. நீங்கள் கம்பளித் தொப்பியோடு சோறு தின்றீர்கள். செடிக்கு என்ன குறை? மார்கழியில் அது உங்கள் தோளுக்கு வந்தது. இலை என்றால் இலை, கையை விரித்தது போல. ஆனால் பூ இல்லை. மருந்து பூவில்தான் இருக்கிறது என்று ஜோன் தலைப்பாடாய் அடித்துச் சொல்லியிருந்தாள். அவள் வந்து எட்டிப் பார்த்தாள். எத்தனை மணி வரைக்கும் விளக்கை எரிக்கிறாய் என்று கேட்டாள். “படுக்கப் போகுமட்டும்” என்றீர்கள். அவள் நெற்றியில் கையை வைத்தாள். “இந்தச் செடி இன்னும் கோடை எண்டு நினைச்சுக்கொண்டு நிக்குது. நீண்ட இரவு வந்தாத்தான் இது பூக்கும். பொழுதுபட விளக்கை நூர்த்து நிப்பாட்டு. சூட்டை விடு, வெளிச்சத்தை எடு.”

சின்ன விஷயம். ஒரு சுவிச்சு. ஆனால் உங்களுக்கு அது மலை.

“டேய் தம்பி, உனக்கென்ன விசரோ? விளக்கு வைக்கிற நேரத்தில விளக்கை நூர்க்கச் சொல்லுறாய். வீட்டில வருத்தக்காரியை வைச்சுக்கொண்டு!”

“அது சாமி விளக்கில்லை அண்ணை. சைனாக்காரன் செய்த லைற்.”

“திருநீறு பூசிக் கும்பிட்டு ஏத்தினனான். ஏத்தின கையால பொழுதுபட நூர்க்க மாட்டன்.”

“அப்ப என்ர கையால நூர்க்கிறன்.”

“தொட்டுப் பார்!”

ஜோனிடம் ஓடிப்போய், நேரத்துக்குத் தானாக நிற்கிற பிளக் ஒன்று வாங்கி வந்தேன். யாருடைய கையும் படத் தேவையில்லை என்று சந்தோசப்பட்டேன். நீங்கள் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தீர்கள். “ஏத்தின விளக்குத் தானா நூருறது இன்னும் கூடாதடா” என்றீர்கள். அண்ணை, எனக்கு அந்தப் பிளக்கால் உங்கள் தலையில் போட வேண்டும் போல இருந்தது. ஒவ்வொரு நாள் பின்னேரமும் வந்து கத்தினேன். ஒவ்வொரு நாளும் அந்தக் கொட்டில் ஊதா நிறத்தில் எரிந்துகொண்டு நின்றது. உள்ளே அக்காவின் கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில், அவவுக்கு ஆகக்கூடிய ஒரே நல்லதையும் நீங்கள் தள்ளித் தள்ளி வைத்தீர்கள். உங்கள் அன்போடு மல்லுக்கட்டி எனக்குக் களைத்துப்போயிற்று.

பொங்கல் கழிந்த ஒரு பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் குசினியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கா அறையில் இருந்து கூப்பிட்டா.

“இஞ்சேருங்கோ. தம்பியும் வாரும்.”

போய் நின்றோம்.

“லைற்றை நூருங்கோ.”

“இல்லையப்பா, இந்த நேரத்தில...”

“எந்த நேரத்தில? எனக்கு நேரமிருக்கெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு? லட்சுமி வாறதெண்டா இருட்டுக்குள்ளாலயும் வருவா. என்ர காலுக்குப் பூ வேணும். போங்கோ.”

போனீர்கள். உங்கள் கை சுவிச்சில் நின்று நின்று, கடைசியில் அமத்தியது. பிறகு வீட்டுக்குள் வந்து சாமி அறையில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, அதற்குப் பக்கத்திலேயே வெறும் நிலத்தில் குந்தியிருந்தீர்கள். அன்றிலிருந்து இதுதான் வழக்கமாயிற்று: கொட்டிலில் ஒன்று நூர, வீட்டுக்குள் ஒன்று ஏறும். இதை ஐப்பசியிலேயே செய்திருக்கலாமே அண்ணை! இதை இன்றைக்கும் என்னால் விழுங்க ஏலாது.

சிவராத்திரிக்குச் செடி மொட்டுக் கட்டியது. இலைக் கக்கத்தில் வெள்ளை மயிர் போல இரண்டு இரண்டாக. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தீர்கள். இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்றாள் ஜோன். ஒரு மாதம்தானே என்று அக்காவுக்குப் போய்ச் சொன்னீர்கள்.

அடுத்த கிழமை நெஞ்சு வலி என்று போன நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பவில்லை.

செத்தவீட்டுக்குச் சனம் வர முதல் ஹரோவில் இருந்து உங்கள் மகன் வந்தான். பின்வளவில் தேத்தண்ணி கொடுக்கக் கதிரை போடப் போனவன் கொட்டிலைத் திறந்தான். அப்படியே நின்றான். பிறகு குசினியில் இருந்து கறுப்புப் பைகளை எடுத்து வந்தான்.

“தம்பி, பொறு. அது அம்மாவின்ர மருந்து. இன்னும் மூண்டு கிழமை.”

“மாமா, உங்களுக்கு விளங்குதோ? பொலிஸ் வந்தா என்ர வேலை போகும். வேலை போனா அம்மாவை ஆர் பாக்கிறது? நீங்களோ?”

“அப்பா இதுக்காகக் குளிரில கிடந்தவரடா.”

“அதாலதானே மாமா அப்பா செத்தது!”

அவன் அழுதுகொண்டுதான் பிடுங்கினான். வேரோடு, மொட்டோடு, இரண்டு பைகள். நான் பையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அவன் மற்றப் பக்கத்தைப் பிடித்திருந்தான். முன்வாசலில் சனம் வந்து பெல் அடித்தது. அவன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க இவ்வளவு காலமும் முயன்று பார்க்கிறேன். அவனும் உங்கள் மாதிரித்தான், பயத்தில் செய்தான்.

“இதை எழுதத்தான் வேணுமோ, மாமா?” என்று மருமகள் கேட்கிறாள். எழுது பிள்ளை. செத்தவரை எந்தப் பொலிஸ் பிடிக்கும்?

புதன்கிழமைகளில் நான் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். பராமரிப்புக்கு வருகிற பெண் வேலை முடித்துப் போன பிறகு கொஞ்ச நேரம் இருந்து கதைப்பேன். எந்தக் கதையில் தொடங்கினாலும் ஒரு இடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடும்.

“தம்பி, உண்மையாப் பூத்ததோ? இல்லாட்டி அவர் என்ர மனசுக்காகச் சொன்னவரோ?”

“என்ர கண்ணால கண்டனான் அக்கா. பூத்தது.”

“பின்ன சரி” என்று சொல்லிவிட்டு, இழுக்கிற காலைக் கையால் பிடித்துக்கொள்ளுவா. எனக்குத்தான் சரியில்லை. பொழுதுபடும்போது எந்த வீட்டில் சுவிச்சைத் தொட்டாலும் உங்களோடு மனதுக்குள் திரும்பவும் ஒரு சண்டை பிடிக்கிறேன். ஒரு நாளும் நான் வெல்லவில்லை.

அந்தக் கொட்டிலின் விஷயம் தெரிந்திருந்த கிழடுகள் நாங்கள் நாலு பேர். நீங்கள் முதலில் போனீர்கள். போன மாரியில் ஜோன் போனாள். நானும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவ இந்த மாரி தாங்க மாட்டா என்று நாங்கள் மூன்று பேரும் வேலியடியில் நின்று குசுகுசுத்தோமே, அவதான் இன்றைக்கும் அதே அறையில், அதே இழுப்போடு, எல்லாரையும் வழியனுப்பிவிட்டு இருக்கிறா: பூரணமக்கா.