மாமாவின் அகல டிவியும் என் கல்யாணமும்

மாமா,

இன்று காலை உங்கள் மகன் புது டிவி வாங்கி வந்தார். பெட்டியைப் பிரித்ததும் அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை வீடெல்லாம் பரவியது. பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. "அப்பா இருந்திருந்தா சோறு தண்ணிய மறந்து இதுக்கு முன்னாலயே கெடந்திருப்பாரு" என்றார். நான் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஹல்துமுல்லைப் பக்கம் உங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதல் அகல டிவி உங்கள் வீட்டில்தான். இவருடைய அண்ணன் கட்டாரிலிருந்து கொண்டுவந்தது. ஒரே வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளின் சின்ன அறைக்கு அது ரொம்பவே பெரிசு. உங்களுக்கோ தலைகால் புரியவில்லை. கிரிக்கெட் நடந்தால் லயமே உங்கள் வாசலில் நிற்கும். "பந்து பவுண்டரிக்குப் போறதப் பாக்க கழுத்தத் திருப்பணும்டா, மைதானத்துல உக்காந்த மாதிரியே இருக்கு" என்பீர்களாம். ஆனால் பழைய சீடியைப் போட்டால் படத்தின் இரண்டு பக்கமும் கருப்பாக நிற்கும். அது உங்களுக்கு ஆகவே ஆகாது. "இம்புட்டுப் பெரிய டிவியில ரெண்டு பக்கமும் இருட்டா விடுறதா?" என்று ரிமோட்டை அமுக்கிப் படத்தை இழுத்து நிரப்பிவிடுவீர்கள். ஆட்கள் அகலமாகிப்போனதை வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அந்த டிவியில்தான் என்னை முதலில் பார்த்தீர்கள். என் பெரியப்பா மகளின் கல்யாண சீடியைத் தரகர் உங்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவள் நான். அடுத்த வாரமே தரகர் ஸ்பிரிங்வெளியில் எங்கள் லயத்துக்கு வந்து தலையைச் சொறிந்தார். "பொண்ணு ரொம்ப தடிப்பா இருக்காம். மாப்பிள்ள ஒல்லி, சோடி பொருந்தாதுன்னு யோசிக்கிறாங்க. நான் எவ்வளவோ சொன்னேன், 'அவ்வளவு பெரிய டிவியில எங்க கண்ணால பாத்தோம்ல'ன்னுட்டாங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் மகனின் போட்டோவை அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். கட்டினால் இவரைத்தான் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். அன்றிலிருந்து சோற்றைக் குறைத்தேன். "இருக்கிறதே எலும்பு, இதுல பட்டினி வேறயா?" என்று அம்மா திட்டினாள்.

வேண்டாம் என்று நீங்கள் சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் மாறி மாறித் தனியாக வந்து எங்கள் வாசலில் நின்றீர்கள். நான்தான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா, கல்யாணப் பொண்ண வரச் சொல்லுங்க" என்றீர்கள்.

"இவதாங்க பொண்ணு" என்றாள் அம்மா.

"இது தங்கச்சில்ல?"

"எனக்கு ஒத்தப் பொண்ணுதாங்க."

உங்கள் முகம் மாறியது. "என்னம்மா, ஆள மாத்திக் காட்டுறீங்களா? நான் பாத்த பொண்ணு வேற" என்று எழுந்தே விட்டீர்கள். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கூச்சத்தையெல்லாம் விட்டு, மாமா என்றே கூப்பிட்டேன்.

"மாமா, அந்த டிவியில உங்க மகன் எப்பிடி இருக்காரு?"

யோசித்தீர்கள். "அவுங்க அண்ணன் கல்யாண சீடியில கொஞ்சம் பூசுனாப்பலதான் தெரியிறான்."

"நேர்ல?"

"நேர்ல எங்க? அவன் ஈர்க்குச்சி..."

அப்படியே நிறுத்திவிட்டீர்கள். பிறகு நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டீர்கள். "அட, எங்க வீட்டம்மாவே அதுல ரெண்டாளு தண்டிக்கு இருந்தாளேம்மா!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா அழுதபடியே சிரித்தாள்.

அதற்குப் பிறகாவது திருந்தினீர்களா? எங்கள் கல்யாண சீடியையும் இழுத்துத்தான் போட்டீர்கள். "பாரும்மா, உன் புருசன் இதுலதான் ஆம்பளையாட்டம் இருக்கான்" என்று கேலி வேறு.

நீங்கள் போன பிறகு அடிக்கடி ஒன்றை நினைத்துக்கொள்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பஸ் ஏற அலுப்பாக இருந்திருந்தால்? அதற்குள் உள்ளேயிருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.

நல்லவேளை வந்தீங்க, மாமா.