அஞ்சு குழி சார்ஜ்

பங்குனி 9, திங்கள்

வெயில் கொளுத்துது. குடுமியான்மலைக்கு வந்து மூணு நாள். ஊர்க்காரங்க தோண்டின குடிதண்ணிக் கிணறு. முப்பதடியில பாறை தட்டிருச்சு. இதுவரை நான் வெட்டினதெல்லாம் பொட்டல் கிணறு. மலை ஓரத்துல இதுதான் முதல்.

மத்தியானம் மலையைப் பார்த்து "சின்னையா மடையன்"னு கத்தினேன். "மடையன்"னு மலையும் சொல்லுச்சு. சின்னையா எம் பெண்டாட்டி தம்பி. "மலைக்கு ஒங்களைத் தெரியாது மச்சான், அதான்"ங்கிறான்.

ஓவர்சியர் வந்தார். "சார்ஜ் எப்பப் போடுறீங்க மேஸ்திரி?" எனக்குத் தெரிஞ்ச சார்ஜ் பஸ்ஸுல வாங்குறது. "குழிக்கும் டிக்கெட் கிழிக்கணுமுங்களா?"ன்னேன். மனுசன் சிரிச்சுட்டார். பாறையில அடிக்கிற குழியில வெடிமருந்து அடைக்கிறதும் சார்ஜாம்.

பங்குனி 10, செவ்வாய்

காத்தே இல்லை. குழி அஞ்சும் அடிச்சாச்சு. சின்னையா கையில கொப்புளம்.

சார்ஜ், இதுவரைக்கும்:
பஸ் சார்ஜ்.
குழி சார்ஜ்.
போன மாசம் ஓவர்சியர் இந்த வேலைக்கு சார்ஜ் எடுத்தது.
திருச்சியில போலீசு தடியோட சார்ஜ் பண்ணுனது (சின்னையா சொன்ன சேதி. முதுகுல வாங்கினவனே சொன்னானாம்).
கோர்ட்டுல ஒருத்தன் மேல எழுதுறது.

ஒரே சொல்லுகிட்ட இத்தனை வேலை வாங்குறான் வெள்ளைக்காரன். சின்னையாகிட்ட நான் வாங்குறதுல பாதி.

சர்ச்சுப் பள்ளிக்கூட வாத்தியார் கிணறு பார்க்க வந்தார். அவர்கிட்டக் கேட்டேன். "ஆதியில அது வண்டிங்கிற சொல்லுலேருந்து வந்தது மேஸ்திரி. வண்டியில பாரம் ஏத்துறது. ஆளு மேல ஏத்துனா பொறுப்பு, இல்லைன்னா குத்தம். குழியில ஏத்துனா மருந்து."

கேலி பண்ணாம அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். ஏன்னு தெரியலை.

பங்குனி 11, புதன்

வெடி வச்சாச்சு. நம்ம கரிமருந்து இல்லை. ஓவர்சியர் கொண்டாந்த புதுத் தோட்டா.

எல்லாம் வெடிச்சுதான்னு எங்க கூட்டத்துல வேட்டுச் சத்தத்தை ஒருத்தன்தான் எண்ணணும். எண்ணினவன்தான் அப்புறம் முதல்ல எறங்கணும். இன்னைக்கு நான். வேப்ப மரத்துக்குப் பின்னால ஓவர்சியர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தார். "காது குத்தப் போறோமுங்களா?"ன்னேன். சின்னையா விழுந்து சிரிச்சான். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. அஞ்சாவது கொஞ்சம் சோகையா. முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். புகை அடங்கலை, கல்லு நாளைக்கு அள்ளலாம்.

சாயந்தரம் எம் பெண்டாட்டி ராக்காயி ஊர்லேருந்து அரிசி கொண்டாந்தா. எறக்கி வைக்கும்போதே, "ரோட்டுல பஸ்ஸை விட்டு எறங்கயில வேட்டுக் கேட்டுச்சு. நாலுதான் வச்சீங்களா?"

"ஒனக்குக் காது மந்தம்டி."

சோத்தைப் பாதியில வச்சிட்டு எந்திரிச்சேன். கிணத்து மேட்டுல போய் நின்னு ஒருதரம் கையைத் தட்டினேன். ரெண்டு கேட்டுச்சு.

பங்குனி 12, வியாழன்

விடிஞ்சும் மூட்டம். சின்னையாகிட்டச் சொல்லிட்டேன். ஒரு குழி வெடிக்கலை, அஞ்சாவது சத்தம் மலையோடது. எதுன்னு தெரியலை, மேல எல்லாம் கல்லு. கரிமருந்துன்னா ரெண்டு குடம் தண்ணி ஊத்தினாச் செத்துரும். இது தண்ணிக்கு அடங்காது. கடப்பாரை ஆகாது. ஒவ்வொரு கல்லாக் கையால எடுக்கணும். மூடிட்டுப் போகலாமான்னா, ஊருணி வத்திக் கெடக்கு. இன்னொருத்தன் வந்து கடப்பாரையைப் போடுவான்.

"நான் எறங்குறேன் மச்சான். எனக்கு வயசு இருக்கு, சட்டுனு ஏறிருவேன்."

"எண்ணினது நீயாடா?"

"நீங்க கேலி பண்ணாம எண்ணியிருந்தா..." நிறுத்திக்கிட்டான். நெசந்தானே.

ஆளுகளை மரத்துக்கு அங்கிட்டுப் போகச் சொல்லியாச்சு. சின்னையா கயித்தோட நிக்கிறான். "இன்னைக்கு மலையைக் கூப்பிடலையா?"ங்கிறான். கூப்பிடலை.

ராக்காயியை வெத்தலை வாங்கியான்னு ரோட்டுக்கு அனுப்பிட்டேன். அங்கிட்டு நின்னாத்தான் அவளுக்குச் சரியாக் கேக்குது.