வெறும் பைக்கு ஐந்து ஈயம்

அண்ணா,

இன்று காலை உன் இடுப்புப் பட்டியில் நான் முதலில் கண்டது இரண்டு நீலத் துண்டுகளைத்தான். வெயிலும் உப்பும் தின்று பட்டி முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டது. தண்ணீரில் உடம்பைத் தாழ்த்தக் கோக்கும் ஈயக்கட்டிகள் மூடியிருந்த இடத்தில் மட்டும் பழைய நீலம் அப்படியே இருந்தது. ஐந்து கட்டி கோத்த பட்டியில் மூன்றுதான் மிச்சம். மற்ற இரண்டும் கடற்கரையில் சாமான் வைக்கும் வாடியின் வாசலில், மணலில் கிடந்தன.

கழற்றிப் போட்டவர் நிசாம் நானா. நீ போன பிறகு அம்மா உன் பட்டியை அவருக்குத்தான் கொடுத்தார். உன்னோடு ஒரே படகில் சங்கு குளித்தவர் வேறு யார்? இத்தனை மாதமும் எருக்கலம்பிட்டி வீட்டில் ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம். அதைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போவது இன்றுதான் முதல் முறை.

ஏன் கழற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியும்தானே. வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னால் குரல் வராது. அந்தப் பயத்திலேயே ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வாடியில் சுழியோடிகளின் காற்றுச் சிலிண்டர் கழுவி அடுக்கும் வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமும் அதுதான். சிலிண்டர்கள் கேள்வி கேட்பதில்லை.

பாரம் பார்க்கும் பழக்கம் நம் அரிப்பு ஊரில் எல்லாச் சுழியோடிகளுக்கும் ஒன்றுதான். காலையில் நிறைந்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். உடம்பு தாழ்ந்தால் போதும், அதுதான் அவர்களுக்குச் சரியான பாரம். சிலிண்டரில் காற்றுக் குறையக் குறைய அதன் பாரமும் குறையும் என்பதை யாரும் நினைப்பதில்லை. நினைக்கத் தேவையும் இருக்கவில்லை. காற்றுக் குறையும் நேரத்தில் பையில் சங்கு ஏறியிருக்கும்.

"மூண்டு கட்டி காணும். மிச்சத்தைச் சங்கு பாத்துக்கொள்ளும்," என்று நீயும் சொல்வாய்.

பிறகு முள்ளிக்குளத்துப் பக்கம் சுழியோடிய அந்த நாள் வந்தது. கலங்கல் தண்ணீர், ஒரு சங்கும் இல்லை. கரைக்கு வந்ததும் நீ படகின் நிழலில் போய் இருந்தாய். இடது கையைத் தூக்கவே இல்லை. அம்மாவிடம் நங்கூரம் இழுத்த நோவு என்றாய். நான் பிளேன்ரீக் கோப்பை கொண்டுவந்தபோதுதான் மெதுவாகச் சொன்னாய்.

"எடி, கடைசியிலை கீழை நிக்கேலாமல் போச்சு. பலூன் மாதிரி மேலை கொண்டுவந்து விட்டுட்டுது."

ஆழத்திலிருந்து வருகிறவர் இடையில் நின்று, ஆறுதலாக, மெல்ல மெல்ல வர வேண்டும். ஒரேயடியாக மேலே வந்தால் உடம்புக்குள் காற்றுக் குமிழ் கட்டி மூட்டுகளைப் பிடிக்கும். நம் ஒழுங்கையில் கைத்தடியோடு நடக்கும் இரண்டு பேரும் அப்படி வந்தவர்கள்தான். உன் முகத்தில் அவர்களைப் பற்றிய யோசனை ஓடியது எனக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் மீன் நிறுக்கும் தராசை வாடிக் கூரை வளையில் கட்டி, நிறைந்த சிலிண்டர் ஒன்றைத் தூக்கினேன். பிறகு நீ கொண்டுவந்ததைத் தூக்கினேன். கிட்டத்தட்ட இரண்டு கிலோ வித்தியாசம். உன்னைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன்.

"காத்துக்கு ரெண்டு கிலோவோ? ஒன்பதாம் வகுப்போடை நிண்டவள் எனக்குப் படிப்பிக்க வந்திட்டாள்!"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டையும் மாற்றி மாற்றி மறுபடியும் தொங்கவிட்டேன். நீ தராசைத் தட்டிப் பார்த்தாய். இரண்டாம் முறை நீ சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, கால் எட்டாத தண்ணீரில் படகை நிறுத்தினோம். சங்கு குளிக்கும் ரப்பர் உடுப்பு, காற்று முடியும் நிலையிலிருந்த சிலிண்டர், கையில் வெறும் பை. நான் படகு விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு ஈயம் எடுத்துத் தந்தேன். முதலில் ஏழு. நீ கல்லாய்ப் போனாய். தலை எல்லாம் மணலோடு மேலே வந்து கத்தினாய்.

"எடி விசரி, என்னைப் புதைக்கவே பாக்கிறாய்?"

எனக்கு வந்த சிரிப்பில் ஒரு கட்டி கையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்தது. நீயே போய் எடுத்து வந்தாய். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். நான்குக்கு உன் தலை நாடி வரை வெளியே நின்றது. ஐந்தைக் கட்டி, வழமையான மூச்சொன்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாய். தண்ணீர் உன் கண் மட்டத்தில் நின்றது. கண்ணாடியில் பாதி கடல், பாதி வானம்.

"இப்ப மூச்சை விடு," என்றேன்.

விட்டாய். நெற்றி, பிறகு தலைமயிர், பிறகு குமிழிகள் மட்டும். அவ்வளவு ஆறுதலாக நீ தாழ்ந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நிசாம் நானாவுக்கும் சொல்லு," என்றேன், நீ மேலே வந்ததும்.

"நீயே சொல்லு. கணக்கு உன்ரை. உனக்கும் கடவுள் வாய் தந்தவர்தானே."

நான் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஐந்து கட்டியோடு நீ போவதைப் பார்த்துப் பெடியங்கள், "என்னடா, கலியாணத்துக்கு முதலே பாரம் தூக்கிப் பழகிறியோ?" என்று நக்கலடிப்பார்கள். நீ வாடி வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பாய். நான் கழுவுகிற தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பிறகு மாரி மழை வந்தது. எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள், பதினோராம் நாள் நீ இல்லை. கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை, அண்ணா. ஒவ்வொரு நாளும் பத்திரமாகத்தான் திருப்பித் தந்தது.

இன்று காலை நிசாம் நானா பட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டே படகின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் சொன்னார்: "அவன் கடைசிக் காலத்திலை பயந்துபோய்க் கூடக் கட்டினவன், பாவம். எனக்கு மூண்டு காணும்."

அவர் போட்டிருந்தது கட்டாரிலிருந்து அவருடைய மச்சான் அனுப்பிய தடித்த புது உடுப்பு. நேற்று அதைக் கழுவும்போது தொட்டிக்குள் தாழவே மாட்டேன் என்றது. மேலே கல் வைத்துத்தான் ஊறப் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு மூன்று கட்டியோடு போகிறார்.

"அண்ணா பயப்படேல்லை," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆர் கதைச்சது?" என்றார் சம்மாட்டி. "எங்கடை ஊமைப் பிள்ளையோ?"

"அண்ணாவுக்கு ஐஞ்சு எண்டு நான்தான் பாத்தனான். காத்து முடிஞ்ச சிலிண்டரோடை, வெறும் பையோடை பாத்தனான்." என் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "உங்கடை உடுப்புக்கு அதுவும் காணாது, நானா."

நிசாம் நானா சிரித்தார். "வெறும் பையோ? விடியக்காலமை நல்லதாச் சொல்லன் தங்கச்சி. அல்லாஹ் தருவான்."

"தருவான் நானா. தராத நாளும் நீங்கள் ஆறுதலா மேலை வரோணும்தானே. முள்ளிக்குளத்திலை அண்ணா மேலை வந்ததைப் பாத்தனீங்கள்தானே?"

அவருடைய சிரிப்பு நின்றது. பட்டியைக் குனிந்து பார்த்தார். நீலத் துண்டுகளை விரலால் தடவினார்.

"அண்டைக்கு அவன்ரை பை வெறும் பைதான்," என்றார்.

சம்மாட்டி வெயிலைப் பார்த்தார். "நேரம் போகுது, பிள்ளை."

"பத்து நிமிசம்," என்றேன்.

நேற்றுக் கடலிலிருந்து வந்து, இன்னும் நிரப்பாமல் கிடந்த சிலிண்டர் ஒன்றை உருட்டிக்கொண்டுவந்து நானாவின் காலடியில் வைத்தேன். மணலில் கிடந்த இரண்டு கட்டிகளையும் பொறுக்கிப் பாவாடையில் துடைத்தேன். ஈயப் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் நான் கடலில் இறங்கினேன்.