பாவாயி வீட்டில் இரண்டு நாள்

அன்று நான் பாவாயியிடம் அதைச் சொல்லவில்லை. “என் கொழந்தையத் தொட்டா அவ கை அழுக்காயிருமாமா? அத்தன திமிரா?” என்று அவள் அடுப்பங்கரையில் பொரிந்து தள்ளினாள். காரணம் எனக்குத் தெரியும். உனக்கு க்ஷயரோகம். ஒரே வார்த்தையில் அவள் கோபத்தை அடக்கியிருக்கலாம். நான் குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலையில் எதிர்வீட்டில் காப்பிக்கொட்டை வறுத்தார்கள். யுத்தம் வந்த பிறகு எங்கள் தெருவில் அந்த வாசனை அபூர்வம். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை ஒதுக்கிவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். இதைச் சேர்க்க ஒரு விலாசம் இல்லை என்பது தெரியாமல் இல்லை.

நாம் மூன்று பேரும் வாத்தியார் பயிற்சியில் ஒரே அறையில் படுத்தவர்கள். பாவாயி கல்யாணமாகிச் சேலத்துக்குப் போனாள். அவள் கணவருக்கு அங்கே நூல் கடை. உனக்குச் சேந்தமங்கலத்திலும் எனக்கு ராசிபுரத்திலும் பள்ளிக்கூடம். இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த பிறகு பாவாயிக்குப் பிறந்த பெண் அந்தக் குழந்தை. அதைப் பார்க்க நம்மைக் கூப்பிட்டாள். “சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்கதான். சாக்குச் சொன்னா நானே வந்து இழுத்துட்டு வருவேன்” என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

நீ வந்த பஸ்ஸில் நான் ராசிபுரத்தில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாய். “புழுதி” என்றாய். ஆனி மாதத்துச் செம்மண் புழுதி உண்மையிலேயே பறந்துகொண்டிருந்தது. நம்பினேன். கன்னம் ஒட்டியிருந்ததற்கு, “பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க தின்னது போகத்தான மிச்சம்” என்று சிரித்தாய். அதையும் நம்பினேன்.

பாவாயி வாசலிலேயே காத்திருந்தாள். முதல் முறை பார்க்க வருகிறவர்கள் குழந்தையை மடியில் வாங்கி, கொண்டுவந்ததை அதன் கையிலோ காலிலோ போட்டுவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். நான் வாங்கினேன், அது என் மூக்கைப் பிடித்து இழுத்தது. அடுத்து உன் பக்கம் நீட்டினாள். நீ ஓர் அடி பின்னால் போனாய். கொண்டுவந்த வெள்ளிக் காப்பைக் கற்கண்டுத் தட்டில் வைத்து, தட்டை அவள் பக்கம் நகர்த்தினாய்.

“தூக்கு புள்ள. கடிக்காது, பல்லு மொளைக்கல” என்றாள் பாவாயி.

“பஸ்ஸுல வந்த கை. பொறவு பாக்கறேன்.”

அந்தப் ‘பொறவு’ வரவேயில்லை. குளித்துவிட்டு வந்தும் நீ குழந்தை இருந்த அறைக்குப் போகவில்லை. சாப்பிடும்போது எங்களுக்குத் தட்டு வைத்தார்கள்; நீ இலை கேட்டு வாங்கி, கொல்லைக் கதவோரம் போய் உட்கார்ந்தாய். சாப்பிட்டதும் இலையை நீயே மடித்து எடுத்துக்கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாய். விருந்தாளி தன் இலையைத் தானே எடுப்பது வீட்டுக்காரியை அடித்ததற்குச் சமம். பாவாயியின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். எனக்கே உன்மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் காப்பி கிளப்புக்குப் போனது பாவாயியின் யோசனை. முந்தின வருஷம்தான் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியிருந்தார்கள். கடைவீதிக்குப் பின்னால் ஒரு கள்ளுக்கடை, சுவருக்குச் சுண்ணாம்படித்துக் காப்பி கிளப்பாகியிருந்தது. ஸ்திரீகளுக்கென்று துணி கட்டி மறைத்த ஒரு மூலை உண்டு என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“எங்க மாமனார் கள்ளு குடிச்ச எடத்துல மருமக காப்பி குடிக்கறேன்” என்று பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பரிமாறுகிறவர் திரைக்கு வெளியே நின்று தயங்கினார். “ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?”

“ஆம்பளைங்க ஊட்டுல கொழந்தைய வெச்சுக்கிட்டு இருக்கறாங்க. நீங்க மூணு காப்பி கொண்டாங்க.”

நீ சிரித்த சிரிப்பில் திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. ரவா உப்புமா வந்தது, போண்டா வந்தது. மூன்று பேரும் பயிற்சிப் பள்ளி வார்டன் அம்மாள்போல நடித்துக் காட்டினோம். நீதான் அச்சாக அவரைப்போலச் செய்தாய். பிறகு காப்பி வந்தது.

உனக்கு நினைவிருக்கும். விடுதியில் டம்ளரில் வாய் வைத்துக் குடிப்பவள் நீ ஒருத்திதான். எச்சில் என்று வார்டன் அம்மாள் திட்டித் தீர்ப்பார். “அண்ணாந்து குடிக்கறது மழைத்தண்ணியப் புடிக்கற மாதிரி. ருசி எங்க தெரியும்?” என்பாய். அந்த நீ அன்று டம்ளரைத் தூக்கி, கழுத்தை நிமிர்த்தி, கொதிக்கிற காப்பியை உதடு படாமல் ஊற்றிக்கொண்டாய். மோவாயில் வழிந்தது. சுட்டிருக்கும்.

“ஏம்புள்ள, எப்ப இருந்து இந்த ஆசாரம்?” என்று பாவாயி சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. முந்தானை, இலை, பின்வாங்கிய அந்த ஓரடி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. நீ இருமினாய், ஒரு துணியில் துடைத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகினாய். நிமிர்ந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாய்.

திரும்பும் வழியில் பாவாயி பூக்காரியிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். நாம் சற்றுத் தள்ளி நின்றோம்.

“எப்ப இருந்து?” என்றேன்.

“பங்குனியிலிருந்து. அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். நல்லாயிரும்னுதான் டாக்டர் சொல்றாரு. சொல்லும்போது என்னையப் பாக்காம சன்னலப் பாக்கறாரு.”

“பாவாயிகிட்டச் சொல்லீரலாம். பயந்துக்குவான்னா…”

“அவளா? அவ பயப்பட மாட்டா. அதுதான் எனக்குப் பயம்.”

விடுதியில் எனக்கு அம்மை போட்டபோது எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். பாவாயி மட்டும் என் பக்கத்தில் படுத்து, வேப்பிலையால் விசிறி, கடைசியில் தானும் வாங்கிக்கொண்டாள். நீ அதைத்தான் சொன்னாய். “எனக்கு இன்னதுன்னு தெரிஞ்சா, ‘எனக்கென்ன வந்துரப் போகுது’ன்னு கொழந்தையத் தூக்கி என் மடியில போட்டுருவா. வேண்டாம்னா அழுவா. எனக்கும் தூக்கோணும்னு இருக்குது புள்ள. ரெண்டு பேரும் சேந்தா யாரு தடுக்கறது?”

“உன்னைத் திட்டப் போறா.”

“திட்டட்டும். திட்டறவ கிட்ட வர மாட்டா.”

நான் நாவல்கள் நிறையப் படிப்பவள். க்ஷயம் வந்த பெண்கள் அவற்றில் வெளுத்த முகத்தோடு மஞ்சத்தில் சாய்ந்து, எல்லோரையும் மன்னித்து, மெல்ல விடைபெறுவார்கள். நீ மறுநாள் மிளகு போட்ட ஆட்டுக்கறிக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். மாம்பழத்துண்டுகளை இலை நிறையப் போட்டுக்கொண்டாய். பாவாயியின் கணவரிடம் நூல் விலை ஏறியதைப் பற்றிக் கொல்லைக் கதவோரத்திலிருந்தே வாதாடினாய். இலையை மறுபடியும் நீயே எடுத்தாய்.

அதற்கு முன்பே சமையலின்போது பாவாயி வெடித்துவிட்டிருந்தாள். “ரெண்டக் குடுத்துட்டு ஒண்ண வெச்சிருக்கறேன். ஒரு தடவ கையில வாங்குனா அவளுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? எம்பட கொழந்தை ராசியில்லாததுன்னு நெனைக்கறாளா? நீயாவது சொல்லு சாமி, அவ மனசுல என்னதான் இருக்குது?” அவள் கண்ணில் நீர் நின்றது. நீ திமிர் பிடித்தவள் என்ற கோபத்தைவிட, தன் குழந்தையை ராசியில்லாதது என்று நீ நினைக்கிறாயோ என்ற பயம்தான் அவளை அரித்தது. அது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. “எனக்குத் தெரியாது பாவாயி” என்றேன்.

நீ கொல்லையில் கைகழுவும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே வந்தபோது உன் முகத்தில் ஒன்றும் இல்லை. “உப்புப் பாத்தயா பாவாயி?” என்றாய். அவள் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்து, “அடிக்கடி வா சாமி” என்றாள். உன்னைப் பார்க்கவில்லை. ஆனால் சோற்று மூட்டையைக் கொடுக்கும்போது, “அவளுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கறேன். வேண்டாம்னா நீயே தின்னு” என்றாள், நீ கேட்கும்படியாக.

“நல்லாச் சாப்பிட்டேன்டி” என்றாய் நீ அவளிடம், வாசலில் இருந்து. “ரெண்டு நாளும் நல்லாச் சாப்பிட்டேன்.”

பஸ்ஸில் நீ அழுவாய் என்று நினைத்தேன். மூட்டையைப் பிரித்து உன் பங்கைத் தனியாக எடுத்துக்கொண்டு, “நான் போனா மட்டும் அவகிட்டச் சொல்லு. அதுக்கு முன்னால மூச்சு விடாத” என்றாய்.

நீ சொன்னபடி, அதற்குப் பிறகுதான் சொன்னேன். பாவாயி என்னை அடிக்க வந்தாள். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?” என்று கேட்டேன். அவளுடைய கை தளர்ந்தது. கேள்விக்கு இன்றுவரை அவள் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மறுபடி அந்த அடுப்பங்கரையில் நிற்க நேர்ந்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மௌனம் உன் ஒருத்திக்குத்தான். என் வகுப்பில் ஒரு பெண் நாலு நாளைக்குமேல் இருமினால் அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். வாசலில் நிற்க வைக்கிறார்கள், நிற்கிறேன். “எங்க புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர், பனிதானுங்க” என்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை மறுநாளும் போகிறேன், அதற்கு மறுநாளும். இருமல் டீச்சர் என்று ஊரில் பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற சமயத்தில் நான் தெருவில் நடந்தால் கதவைச் சாத்துகிற வீடுகள் உண்டு. சாத்தட்டும். திட்டு வாங்கிக்கொண்டும் சிரித்த முகத்தோடு இருப்பது எப்படி என்று அந்த இரண்டு நாளில் பார்த்துவிட்டேன். உனக்கு வந்த அளவு எனக்கு வரவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தை மாதம் ஆஸ்பத்திரியில் நீ இறந்தாய். பாவாயியின் மகளுக்கு எந்த நோயும் வரவில்லை. போன ஆனியில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள்.