ஆப்பசோடாவும் பாகற்காயும்

ஜூன் 2, திங்கள்

அப்பா இன்று தயிர்க்காரரிடம், "எம்பொண்ணு கப்பல்ல வேலைங்க" என்று சொல்லிவிட்டார். நான் பார்த்ததிலேயே பெரிய தண்ணீர் உக்கடம் பெரிய குளம்தான். பீளமேட்டில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து, கப்பல்கள் அனுப்பும் கறுப்பு எண்ணெயைச் சோதிக்கிறேன். அதைச் சொன்னால் அப்பாவுக்குச் சப்பென்று போய்விடுகிறது.

தயிர்க்காரர் விடவில்லை. "எண்ணெய்ல என்னத்தங்க சோதிக்கறீங்க?" பொறுமையாகச் சொன்னேன். கப்பல் எரிபொருளில் கந்தகம் இருக்கிறது. எரிந்ததும் அது அமிலமாகி எஞ்சின் சிலிண்டரின் சுவரை அரிக்கும். அதைத் தடுக்க, சுவரில் விடும் எண்ணெயிலேயே சுண்ணாம்பு போல ஒரு காரத்தைச் சேர்த்து வைக்கிறார்கள். காரம் அமிலத்தை முறித்துவிட்டுத் தானும் தீர்ந்துபோகும். வடிந்து வரும் எண்ணெயில் எவ்வளவு காரம் மிச்சம் என்று நான் பார்க்க வேண்டும். இரும்பையும் பார்க்க வேண்டும். காரம் பற்றாவிட்டால் சுவரே கரைந்து எண்ணெயில் இரும்பாக வந்துவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப கப்பல ஓட்டறது யாருங்க?" என்றார்.

இன்று ஒரு கப்பலிலிருந்து வந்த எண்ணெய்ப் பாட்டில் மோசம். மிச்சக் காரம் 12. குறைந்தது 25 இருக்க வேண்டும். இரும்பு 240. இருநூறைத் தாண்டினாலே அறிக்கையில் சிவப்பு. கப்பலின் செகண்ட் எஞ்சினியர் ஜெரோம் போத்தனூர்க்காரர். நாலாம் சிலிண்டருக்கு எண்ணெயைக் கூட்டி விடுங்கள் என்று சிவப்பில் எழுதி அனுப்பினேன்.

ஜூன் 4, புதன்

ஜெரோமின் பதில்: "கண்டிப்பா செஞ்சுபோடறோமுங்க மேடம்." எங்கள் ஊரில் இதற்கு 'காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள்.

ஜூலை 3, வியாழன்

அதே கப்பல், அதே நாலாம் சிலிண்டர். மிச்சக் காரம் 64!

புது எண்ணெயிலேயே 70தான் இருக்கும். அமிலத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த எண்ணெய், ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலாற நடந்துவிட்டு வந்தது மாதிரி இருக்கிறது. ஆனால் இரும்பு 390. காரம் இவ்வளவு மிச்சமிருக்க, சுவர் எப்படிக் கரைந்தது? சோடியம் வேறு எக்கச்சக்கம். கடல்நீர் புகுந்ததோ என்று பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பத் திரும்பச் சோதித்தேன். அதேதான்.

மேனேஜர் சசிதர் கண்ணில் அந்த 64 மட்டும்தான் பட்டது. "சூப்பருங்க. எண்ணெயக் கொறச்சுக்கலாம்னு எழுதிக் குடுத்துருங்க. கஸ்டமர் குளுந்துருவாரு."

ஜூலை 4, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. "நம்பர் நல்லா வந்ததுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற ஒரே ஆள் நீங்கதானுங்க தேஜு," என்றார் சசிதர். திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் போடாவிட்டால் அவரே போட்டு அனுப்புவாராம். அதன்பிறகு எனக்கு இங்கே என்ன மரியாதை?

கப்பல் கொச்சிக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. புதன்கிழமை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புகிறது. எண்ணெயைக் குறைத்து அனுப்பி, நடுக்கடலில் எஞ்சின் படுத்துக்கொண்டால்? அத்தனை பேர் இருக்கிறார்களே அதில். பயமாக இருக்கிறது. அந்த 64 பொய் என்று தெரிகிறது. எப்படிப் பொய் என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 5, சனி

வீட்டில் பாகற்காய்த் திருவிழா. திங்கட்கிழமை அப்பாவுக்குச் சர்க்கரை டெஸ்ட். காலையில் பாகற்காய்ச் சாறு, மதியம் பாகற்காய்ப் பொரியல், நடுநடுவே வெந்தயம். சாயங்காலம் ரேஸ் கோர்ஸை மூச்சிரைக்கச் சுற்றிவிட்டு வந்தார்.

அம்மா பொரிந்து தள்ளினாள். "மூணு மாசமா மைசூர்பாகு, ரெண்டு நாளைக்குப் பாவக்காயா? டாக்டர ஏமாத்தி என்னங்க ஆகப்போகுது?"

"அந்தம்மா தங்கமானவங்க ராமாமணி. கெட்ட நம்பரக் காட்டி அவங்க மனச நோகடிக்கோணுமா?"

ராத்திரியானால் அப்பா கால் எரிகிறது என்று ஈரத்துணியைச் சுற்றிக்கொள்கிறார். கேட்டால் வெயிலாம். இந்தச் சாரல் காற்றில் என்ன வெயில்?

ஜூலை 7, திங்கள்

ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு போனேன். வெறும் வயிற்றில் 104. அப்பா புது மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் வெங்கடலட்சுமி அவர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். ஏழுக்குள் இருக்க வேண்டியது, மதியம் 9.2 என்று வந்தது.

"இது மூணு மாசச் சராசரிங்க. ரெண்டு நாள் பத்தியமெல்லாம் இதுல செல்லாதுங்க," என்றார் டாக்டர்.

"அத மொதல்லயே சொல்லியிருந்தா மூணு மாசமும் இருந்திருப்பேனுங்களே!"

டாக்டர் சிரிக்கவில்லை. "கால் நரம்பு கெட ஆரம்பிச்சிருச்சுங்க. நீங்க நல்ல நம்பராவே காட்டுனீங்க. நானும் மாத்திரையக் கூட்டாமயே உட்டுட்டேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே தெரியாமல் அந்தக் கால் எத்தனை நாளாகக் கெட்டுக்கொண்டிருந்ததோ... 

அப்போதுதான் தோன்றியது. தண்ணீரே இல்லாத சோடியம்!

வெளியே ஓடிவந்து ஜெரோமுக்குப் போன் போட்டேன். "பாட்டில்ல என்னத்தங்க கலந்தீங்க?"

ஜெரோம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒரே ஒரு ஸ்பூன் ஆப்பசோடாங்க. சமையக்கட்டுல இருந்துதுங்க. எண்ணெயக் கூட்டுனா செலவுன்னு கம்பெனில சத்தம் போடறாங்க, கூட்டலீன்னா நீங்க செவப்புல எழுதறீங்க. நம்மூருப் பொண்ணு, எதுக்குச் சங்கடப்படுத்தோணும்னுதானுங்க..."

"எஞ்சினுக்குப் போட வேண்டியதப் பாட்டிலுக்குப் போட்டிருக்கீங்களேங்க!" என்று கத்திவிட்டேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. இத்தனை கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை.

கிளம்புவதற்குள் சிலிண்டரைத் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தேன். சோடியமும் போலிக் காரமும் எதிலிருந்து வந்தன என்று அப்படியே சசிதருக்கும் சொன்னேன். "ஆப்பசோடாவா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெரோம் படம் அனுப்பியிருக்கிறார். நாலாம் சிலிண்டரின் சுவர் அரித்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது. இன்னும் எண்ணெயைக் குறைத்திருந்தால் ஆப்பிரிக்கா வரை தாங்கியிருக்காது. மாற்றுவதற்குப் புது சிலிண்டர் உறை ஒன்று கப்பலிலேயே இருக்கிறதாம். பயணம் தள்ளிப்போகிறது.

சசிதர் வந்து, "நல்லவேளைங்க, நாம கையெழுத்துப் போடலீங்க," என்றார். நாமவாம்!

ஆகஸ்ட் 6, புதன்

ஜெரோமின் பாட்டில் வந்தது. மிச்சக் காரம் 21. சிவப்புதான், ஆனால் நிஜமான சிவப்பு. பாட்டிலில் ஒரு சீட்டு: 'சத்தியமா ஒண்ணுமே கலக்கலீங்க.' இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லி எழுதினேன். சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஃபெயிலான ரிசல்ட்டுக்கு ட்ரீட்டா என்று சசிதர் கேட்டுக்கொண்டே இரண்டு கப் குடித்தார்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாத்திரையைக் கூட்டிய பிறகு கால் எரிச்சல் குறைந்திருக்கிறது. ஈரத்துணி கொடியிலேயே காய்கிறது. மைசூர்பாகு அடியோடு நின்றுவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு உண்டு, டாக்டருக்கும் தெரியும்.

நாளை அப்பாவுக்கு டெஸ்ட். பழக்கதோஷத்தில் அம்மா மதியம் பாகற்காய் வதக்கிவிட்டாள். அப்பா கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம் ராமாமணி. நாளைக்கு டெஸ்ட்டு."